பாதையை விட்டு நாலு அடி

நான் போகும் ஏரிப் பூங்காவில் காலை ஆறரை மணிக்கு ஒரு பெரியவர் நடப்பார். கைபேசியைக் காதில் வைத்தபடி, எதிர்முனையில் இருப்பவருக்குக் கைபேசியே வேண்டாம், நேராகவே கேட்டுவிடும் என்கிற சத்தத்தில் பேசிக்கொண்டு போவார். பாதையிலிருந்து பத்தடி தள்ளிச் சேற்றில் நிற்கும் குருட்டுக்கொக்கு தலையைக்கூடத் திருப்பாது. அவர் போனதும் நான் வருவேன். சாயம் போன பச்சைச் சட்டை, சத்தம் எழாத செருப்பு, மூச்சைக்கூட அளந்து விடுகிற நடை. கொக்குக்கு நேரே வந்து நின்று பைனாகுலரை மெல்லத் தூக்குவேன். கொக்கு கழுத்தை நீட்டும். அவ்வளவுதான். பழுப்பாக நின்றது வெள்ளையாகப் பறந்து போய்விடும்.

குருட்டுக்கொக்கின் வித்தையே அது. நிற்கும்போது சேற்றின் நிறம். சிறகை விரித்தால் பாலின் நிறம். ஒளிந்திருப்பதும் கண்ணைக் கூச வைத்துத் தப்பிப்பதும் ஒரே உடம்பில். ஆனால் அந்த அழகையெல்லாம் ரசிக்கும் மனநிலையில் நான் அப்போது இல்லை. பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லாத ஒரு மனிதரைப் பொருட்படுத்தாத கொக்கு, அதற்காகவே விடியலில் எழுந்து வருகிற என்னைக் கண்டு மட்டும் ஏன் பறக்கிறது? பல மாதம் புரியவில்லை. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

புரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. கொக்கு எப்படி மீன் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மெல்ல நடக்கும், நிற்கும், அசையாமல் ஓரிடத்தையே உற்றுப் பார்க்கும், அப்புறம் அடிக்கும். நான் செய்ததும் அதேதான். மெல்ல நடந்தேன், நின்றேன், உற்றுப் பார்த்தேன். தன் தொழிலையே செய்யும் இன்னொருவனைக் கொக்குக்கு அடையாளம் தெரியாதா? உரக்கப் பேசிக்கொண்டு ஒரே வேகத்தில் நடந்து போகிறவர் வேட்டைக்காரர் அல்ல. பதுங்குகிறவன்தான் ஆபத்தானவன்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். கடற்கரை ஊர்களில் மனிதர்கள் கையிலிருந்தே தின்பண்டத்தைப் பறித்துப் போகும் கடற்காகங்களுக்கு முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, சில முறை பறவையை நேராகப் பார்த்தபடியும் சில முறை முகத்தைத் திருப்பிக்கொண்டும் உட்கார்ந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது, கிட்ட வருவதற்குப் பறவைகள் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. பல பறவைகள் வரவே இல்லை. மனிதக் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரிகிறது. அவ்வளவு முரட்டுத்தனமான பறவைக்கே அப்படியென்றால், சேற்றில் தனியாக நிற்கும் கொக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஆள் அந்தக் கோட்டுக்குள் வந்தால் பறந்துவிடும். எவ்வளவு தூரத்தில் ஆளைக் கண்டால் பறவை எழும்புகிறது என்று அளப்பதே பறவையியலில் தனியாக ஒரு வேலை. பொதுவாக, உடல் பெரிதானால் கோடும் தள்ளிப் போகிறது. சாம்பல் நாரை வெகு தூரத்திலேயே கிளம்பிவிடும். சிறு மீன்கொத்தி அதைவிடக் கிட்ட வர விடும். அதே இனம் ஆளில்லாத ஏரியில் ஒரு தூரமும் பூங்காவில் வேறு தூரமும் வைத்திருக்கும். இந்த இரண்டாவது விஷயம்தான் என்னைப் பூங்காவிலேயே உட்கார வைத்தது.

ஆரம்பத்தில் எனக்குப் பூங்கா என்றாலே இளக்காரம். வெட்டிய ஏரி, போட்ட பாதை, வரிசையாக நட்ட மரம், மூலையில் ஊஞ்சல், தண்ணீரில் கால்மிதிப் படகு. இதில் என்ன காட்டுயிர் இருந்துவிடப் போகிறது? ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரான் நாட்டின் ராம்சர் நகரத்தில் கையெழுத்தானது. இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, எப்போதும் நீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, எல்லாமே ஈரநிலம்தான் என்று அதன் வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். நாமக்கோழி என்கிற நீர்ப்பறவைகள் அதைப் படிக்கவில்லை என்றாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. ஏரியை யார் வெட்டினார்கள் என்று அவை கேட்பதில்லை. கோரை இருக்கிறதா, ஆழம் ஒத்துவருகிறதா, ஆட்கள் எங்கே நடக்கிறார்கள் என்பதுதான் அவற்றின் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பூங்காவில் மிகத் தெளிவான பதில் உண்டு. ஆட்கள் பாதையில் நடக்கிறார்கள். வெயிலோ பனியோ, இருநூறு பேரோ இரண்டு பேரோ, எல்லோரும் அதே வளையத்தில், ஏறக்குறைய அதே வேகத்தில் சுற்றுகிறார்கள். பறவைக்கு இதைவிட நிம்மதியான செய்தி வேறென்ன வேண்டும்? ஆளே வராத இடத்தில் வரும் ஒரே ஆள் என்ன செய்வான் என்று அதற்குத் தெரியாது. இங்கே நூறு ஆள் என்ன செய்வார்கள் என்பது அதற்கு அத்துபடி. அதனால்தான் வேறெங்கோ நான் தொலைநோக்கி வைத்துத் தேடிய நீலத்தாழைக்கோழி, இங்கே பாதையோரம் ஒரு கோரைத்தண்டை உரித்து, ஒரு காலால் கைபோலப் பிடித்துத் தின்பதை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது.

இதையெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். தெரிந்துகொண்டதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன்.

முக்குளிப்பான் என்று ஒரு பறவை. வாத்துக்குஞ்சு அளவுதான் இருக்கும். தண்ணீரில் மிதக்கும்போது பின்பக்கம் வெட்டியெடுத்த மாதிரி தெரியும், வால் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கால்கள் உடம்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கரையில் நடக்க லாயக்கில்லை. நீருக்கடியில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ‘இதோ இருக்கிறது’ என்று நீங்கள் கையை நீட்டி முடிப்பதற்குள் முழுகிவிடும். எங்கே எழும் என்று பந்தயம் கட்டினால் நிச்சயம் தோற்பீர்கள். கரையில் நடக்க முடியாததால் கூட்டையும் தண்ணீரிலேயே கட்டுகிறது. அழுகிய நீர்த்தாவரங்களைக் குவித்து ஒரு மிதவை செய்து, கோரைத்தண்டோடு சேர்த்து நிறுத்தி வைக்கும். முட்டை இடும்போது வெள்ளை. ஈரத் தாவரங்களுக்குள் கிடந்து கிடந்து நாளாக நாளாகப் பழுப்பேறிவிடும்.

அந்தக் கூடு பாதையிலிருந்து தெரிந்தது. ஆனால் சரியாகத் தெரியவில்லை. நடுவில் நாலைந்து கோரைத்தண்டு மறைத்தது. பாதையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பிவேலி. அதைத் தாண்ட வீரம் எதுவும் தேவையில்லை. தாண்டினேன். நாலு அடிதான். ஐந்தாவது அடி வைக்கவில்லை என்பதை அப்புறம் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போது ஒரு காரியம் செய்யும். அலகால் சுற்றிலும் இருக்கும் ஈரச் சருகை இழுத்து முட்டைகளின் மேல் போட்டு மூடிவிட்டு, அப்புறம்தான் நழுவும். மூடிய கூட்டைப் பார்த்தால் தண்ணீரில் ஒதுங்கிய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் அதற்குச் சில விநாடிகள் வேண்டும். பாதையில் ஆயிரம் பேர் போனாலும் அசையாத பறவை, பாதையைவிட்டு ஒருவன் இறங்கியதைக் கண்டதும் எதையும் மூடவில்லை. அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது. நான்கு முட்டைகள். மூன்று பழுப்பு, ஒன்று இன்னும் வெள்ளை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எட்டுப் படம் எடுத்தேன். திரும்பி வேலியைத் தாண்டிப் பாதைக்கு வந்து, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே மரத்தில் இரண்டு காகங்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவை என்னைக் கவனித்துக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கி வந்து கோரைத்தண்டில் தொற்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. நான் கையைத் தட்டினேன், கத்தினேன். அது வெள்ளை முட்டையைத்தான் முதலில் எடுத்தது. முக்குளிப்பான் சற்றுத் தள்ளி எழுந்து, சிரிப்பு மாதிரி ஒலிக்கும் அதன் நடுங்கும் குரலில் ஒருமுறை கத்திவிட்டு மறுபடி முழுகியது. அந்த எட்டுப் படங்களும் இன்னும் கைபேசியில் இருக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை. அழிக்கவும் இல்லை.

காகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. காகம் மனிதர்களைப் படிக்கிற பறவை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர், 2006-இல் தன் குழுவினரோடு குகைமனித முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் காகங்கள் திட்டித் தீர்த்தன. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. பல ஆண்டு கழிந்தும் அது ஓயவில்லை. முகத்தை நினைவில் வைத்திருக்கிற பறவைக்கு, ஒருவன் வேலி தாண்டிக் குனிந்து எதையோ ஆசையாகப் பார்த்தால் அங்கே பார்க்கத் தகுந்தது ஏதோ இருக்கிறது என்று ஊகிக்க எவ்வளவு நேரமாகும்?

அதற்கப்புறம் சில வாரம் நான் போகவில்லை. திரும்பப் போனபோது, சுற்றி வருவதை விட்டுவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். பெரிய ஞானோதயம் என்று நினைக்க வேண்டாம். எழுந்து நடக்கத் தயக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெஞ்சு விஷயத்தில் சொல்ல ஒன்று உண்டு. காலையில் என்றால் ஏரியின் கிழக்குக் கரையில் உட்காருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிறமெல்லாம் நிறமாகவே தெரியும். மேற்குக் கரையில் உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கரிக்கோட்டுச் சித்திரம்தான். மாலையில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பைனாகுலரில் 8x42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் வரும். நம் கண்ணுக்குள் நுழையும் ஒளிவட்டத்தின் அளவு மில்லிமீட்டரில் அதுதான். விடியல் நேரத்துக்கு அது தாராளம். பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று ஆசைப்பட்டால் பறவையோடு கைநடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்கத்து ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிக்கொண்டால் முழு வட்டமும் தெரியும். இதை யாரும் சொல்லாமல் நான் வெகுநாள் பாதி வட்டத்தில் பறவை பார்த்தேன். கருவியைப் பற்றி இவ்வளவு போதும்.

உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. உங்களைக் கண்டு ஒதுங்கியதெல்லாம் ஒதுங்கியே இருக்கும். இந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் ‘இன்றைக்கு ஒன்றுமில்லை’ என்று எழுந்து போகிறார்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, நீங்கள் மரத்தோடு சேர்த்தியாகிவிடுவீர்கள். முதலில் தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து வாலை வெட்டி வெட்டி வரும். அப்புறம் மரக்கட்டையில் ஆமை ஒவ்வோர் அங்குலமாக ஏறும். எழுந்து நின்று உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் ‘தொபுக்’ என்று சத்தம் மட்டும்தான் மிஞ்சும். பக்கத்துக் கோரைத்தண்டில் தட்டானின் பழைய தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், முதுகில் ஒரு கீறலோடு. தண்ணீருக்குள் புழுவாக மீன்குஞ்சுகளைக்கூடப் பிடித்துத் தின்று வளர்ந்த ஒன்று, ஓர் இரவில் தண்டில் ஏறி, முதுகைப் பிளந்து, சிறகோடு வெளியே போயிருக்கிறது. அந்தத் தோலை நான் பல ஆண்டு ஏதோ செத்த பூச்சி என்று நினைத்திருந்தேன்.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒரே பட்டமரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றென்றே பலர் நினைப்பார்கள். தண்ணீரில் இறங்கினால் வித்தியாசம் தெரியும். நீர்க்காகத்தின் முதுகு நீர்மட்டத்தில் தெரியும். பாம்புத்தாராவின் உடம்பு முழுவதும் அமிழ்ந்து கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீட்டிக்கொண்டு போகும். அதன் இறகு நீரை உறிஞ்சிக்கொள்ளும் வகை. நனைந்து கனத்தால்தான் சுலபமாக அமிழ முடியும். அதற்கான அபராதம்தான் அந்தக் காய வைத்தல். நீர்க்காகம் கொக்கி அலகால் மீனைக் கவ்வும். பாம்புத்தாராவுக்குக் கழுத்தெலும்பில் ஒரு கீல் இருக்கிறது. சுருட்டி வைத்த கழுத்தை ஈட்டிபோல் விட்டெறிந்து மீனைக் குத்தும். குத்தியாயிற்று, இப்போது மீன் அலகில் செருகிக்கொண்டிருக்கிறது. எப்படித் தின்பது? தலையை உதறி மீனை மேலே தூக்கிப்போட்டு, தலைப்பக்கம் வாய்க்குள் வரும்படி பிடித்து விழுங்கும். ஒருநாள் ஒரு பாம்புத்தாரா மூன்று முறை தூக்கிப்போட்டும் பிடிக்கத் தவறி, நாலாவது முறை மீன் தண்ணீரிலேயே விழுந்துவிட்டது. அது என்னைப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மீன்கொத்தியிடம் இன்னொரு நுணுக்கம். பிடித்த மீனைக் கிளையில் நாலு அடி அடித்துத் திருப்பும்போது, மீனின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தலை தொண்டையை நோக்கி இருந்தால் தானே தின்னப் போகிறது. செதிலும் துடுப்பும் குத்தாமல் உள்ளே போக அதுதான் வழி. தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொருவருக்கு. துணைக்கு ஊட்டலாம், அல்லது மண்கரைப் பொந்தில் குஞ்சுகள் காத்திருக்கலாம். அப்படிக் கண்ட நாளில் நான் செய்வது ஒன்றே: அது போகும் திசையில் ஒரு அடிகூட நகராமல் இருப்பது. பொந்து எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான்.

நாமக்கோழிக் கூட்டம் இருக்கிறதே, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கறுப்பாக ஏரி முழுக்கச் சிதறிக் கிடக்கும், அதை ஆரம்பத்தில் நான் எண்ணிக்கைக்காக மட்டும் பார்ப்பேன். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று போவது வழக்கம். 2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் இப்போது உலகெங்கிலும் இருந்து என்னைப்போன்றவர்கள் இப்படி எண்ணியதைத்தான் பதிகிறார்கள். ஒரு நாள் பாதி எண்ணிக்கொண்டிருந்தபோது, சிதறிக் கிடந்த கறுப்பெல்லாம் ஒரே குவியலாக நெருங்கியது. என் கணக்கு போயிற்று. நிமிர்ந்தால், கோரைக்கு மேலே சேற்றுப் பூனைப்பருந்து, சிறகுகளை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆடி ஆடித் தாழப் பறந்து வந்தது. தனியாக நிற்கும் ஒன்றைத்தான் அது தேடும். நூறு நாமக்கோழி உரசிக்கொண்டு நின்றால் எதை எடுப்பது? பருந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. குவியல் உடனே கலையவில்லை. ஓரத்தில் இருந்தவைதான் முதலில் விலகின.

இந்தக் காவல் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் ஆள்காட்டி. பெயர் வைத்தவருக்குக் கோயில் கட்டலாம். சிவந்த மூக்கோரச் சதையும் மஞ்சள் காலுமாகத் தரையில் நடக்கும் இந்தப் பறவை, மனிதனோ நாயோ கீரியோ, யார் வந்தாலும் ஊருக்கே கேட்கும்படிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏரி முழுக்க அதன் குரலுக்குக் காது கொடுக்கிறது. அது கத்தினால் சேற்றில் மேயும் உள்ளான் கூட்டம் தலையைத் தூக்கும், வாத்துகள் கரையிலிருந்து விலகும். நானும் இப்போது அதைத்தான் நம்புகிறேன். நான் உட்கார்ந்திருக்கும்போது ஆள்காட்டி கத்தினால், எங்கோ யாரோ பாதையைவிட்டு இறங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஒன்றிரண்டு முறை உடும்பாக இருந்தது. அந்த உடும்பைப் பார்க்க வைத்ததும் ஆள்காட்டிதான்.

இறங்குகிறவர்களில் முன்னாள் என்னைப்போன்றவர்கள் அதிகம், கையில் நீளக் குழாய்க் கேமராவோடு. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையாக, பறவை அசையாமல் இருக்க வேண்டும், நாம் கிட்டப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வெளிச்சமும் வாகாக விழ வேண்டும். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெடுத்துப் போட்ட ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பறந்தால் என்ன, திரும்ப வந்து உட்காரும் என்று அவர் சொன்னார். வலசை வரும் சின்ன உள்ளானுக்கு அது அவ்வளவு இலேசான விஷயம் இல்லை. 2022-இல் பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்கிற வலசைப் பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவியில் பதிவானது. அந்தப் பயணத்துக்கான எண்ணெய், உடம்பில் சேர்த்த கொழுப்பு. சேற்றில் குத்திக் குத்திப் புழு தின்று சேர்ப்பது. நம் ஏரிக்கரையில் மேயும் உள்ளான்கள் அத்தனை தூரம் போகாமல் இருக்கலாம். கணக்கு அதே கணக்குதான். ஒருநாளைக்கு இருபது முறை கிளப்பிவிட்டால், தின்றது அன்றைக்கே கரைந்துவிடும்.

பிரட் போடுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு வாத்துக்குத் துண்டு துண்டாகப் போடுகிறவரை எப்படிக் கோபிப்பது? ஆனால் அது வாத்துக்கு வயிற்றை மட்டும் நிரப்பும் தீனி. மிஞ்சியது அழுகித் தண்ணீர் பாசி பிடிக்கும். சொன்னால் சிலர் கேட்டுக்கொள்வார்கள். தூண்டில் நரம்பை அறுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது கண்ணுக்கும் தெரியாது, மக்கவும் செய்யாது. ஒரு நீர்க்காகத்தின் காலில் அது சுற்றி, கிளையோடு சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். பூங்கா ஊழியர் ஏணி கொண்டுவந்து, ஒரு துணியைத் தலைமேல் போட்டு மூடிவிட்டு அறுத்தெடுத்தார். கண் மறைந்ததும் பறவை சட்டென்று அடங்கிவிட்டது. துணியை எடுத்ததும் அவர் கையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் போனது. ‘நன்றி சொல்லிட்டுப் போவுது சார்’ என்றார்.

எழுந்து நடக்க வேண்டியிருக்கும்போது இப்போது நான் செய்வது, பறவையை நோக்கிப் போகாமல் அதைக் கடந்து போவது மாதிரி நடப்பது. ஓரக்கண்ணால் பார்ப்பது. நிற்க வேண்டுமென்றால் முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் தள்ளி நிற்பது. மேய்கிற பறவை மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அது முதல் எச்சரிக்கை. உடம்பைத் தாழ்த்தினால், அல்லது எச்சமிட்டால், கிளம்பத் தயாராகிவிட்டது. கழுத்தை நீட்டியவுடனேயே நான் பின்வாங்கிவிட்டால் பல சமயம் மறுபடி மேயத் தொடங்குகிறது. அப்படி ஒருமுறை குனிந்து மேயத் தொடங்கியபோது கிடைத்த சந்தோஷம், அதுவரை பட்டியலில் சேர்த்த எந்தப் புதுப் பறவையும் தந்ததில்லை.

போன வாரம் அந்தப் பெரியவர் என் பெஞ்சுக்கு எதிரே நின்றார். முதல்முறையாகக் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார்.

“தம்பி, தினமும் பாக்கிறேன், அங்க அப்படி என்னதான் இருக்கு?”

“குருட்டுக்கொக்கு சார். அதோ, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. பழுப்பா இருக்கு பாருங்க.”

“எங்க? கல்லுதானே தெரியுது?”

“கல்லுக்கு இந்தப் பக்கம் சார்.”

அவர் பாதையோரம் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கி உற்றுப் பார்த்தார். கல்லுக்குப் பக்கத்துப் பழுப்பு கழுத்தை நீட்டியது. அடுத்த நொடி வெள்ளையாக எழுந்து பறந்தது.

“அடடா!” என்றார். “இவ்வளவு நாளா இங்கேயா இருந்துச்சு?”

“நீங்க பேசிக்கிட்டே நடக்கும்போதெல்லாம் இங்கேதான் சார் நிக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோய், “ஒண்ணுமில்லப்பா, ஒரு கொக்கு… இல்ல, பழுப்புக் கொக்கு… பறந்தா வெள்ளையாயிடுது” என்று பழைய சத்தத்திலேயே விளக்கிக்கொண்டு நடந்தார். அவர் குரல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் கொக்கு திரும்பி வந்து, அதே கல்லுக்குப் பக்கத்தில் இறங்கி, சிறகை மடக்கிப் பழுப்பாகிவிட்டது.